சாலைக்கு முதுகு காட்டி

காலையில் ரோல் காலில் இன்ஸ்பெக்டர் சொன்னது நல்ல செய்திதான். "சென்னியப்பன், ரொம்ப ஓய்ஞ்சு தெரியறீங்க. இன்னைக்கு ஒரு நாள் இந்த மந்திரி பந்தோபஸ்தைப் பாத்துருங்க. நாளையிலிருந்து ஒரு வாரத்துக்கு உங்களுக்கு கருவூல கார்டு போட்டிருக்கேன். உக்காந்த இடத்துல வேலை. நல்லா ரெஸ்ட் எடுங்க." சுற்றி நின்ற ஆட்கள் பொறாமையோடு திரும்பிப் பார்த்தார்கள். கருவூலக் காவல் என்றால் நிழல், நாற்காலி, ஃபேன். கிணற்றில் மிதப்பது, தண்டவாளத்தில் கிடப்பது எதையும் பார்க்க வேண்டியதில்லை. கையில் ஒரு துப்பாக்கி இருக்கும், அவ்வளவுதான். தலைமைக் காவலர் சென்னியப்பன் "சரிங்கய்யா" என்று விறைப்பாக சல்யூட் அடித்தார். இப்போது பழனி ரோட்டில், கள்ளிவலசு பிரிவுக்குப் பக்கத்தில், வெயிலில் நிற்கும்போதும் அந்த "சரிங்கய்யா" தொண்டையை விட்டு இறங்காமல் மீன் முள் மாதிரி குத்திக்கொண்டிருந்தது. சரிங்கய்யா என்று ஏன் சொன்னேன். வேண்டாங்கய்யா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். ஏன் வேண்டாம் என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது. அந்த இடத்தில் வந்து நினைப்பு நின்றுவிடும், பிறகு மறுபடியும் ரோல் காலுக்கே போய்விடும், இன்ஸ்பெக்டர் சிரிப்பார், ரொம்ப ஓய்ஞ்சு தெரியறீங்க என்பார்.

மந்திரி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. பத்து மணி என்றார்கள், பதினொன்று என்றார்கள், இப்போது வயர்லெஸ் மைக்கில் யாரும் எதுவும் சொல்வதில்லை. பந்தோபஸ்தில் நிற்பவன் சாலையைப் பார்த்து நிற்கக் கூடாது. சாலைக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து நிற்க வேண்டும். போகிற பெரிய மனிதரைப் பார்ப்பது நம் வேலையல்ல, அவரை நோக்கி வருகிறவனைப் பார்ப்பதுதான் வேலை என்று ட்ரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனை மந்திரிகள் தன் முதுகுக்குப் பின்னால் போயிருப்பார்கள் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் இந்த மாதிரி ஒரு காடு, ஒரு வேலி, வேலியில் காயப்போட்ட ஒரு சேலை. இன்றைக்கு எதிரே வெங்காயக் காடு. கொஞ்ச தூரத்தில் பொம்பளைகள் வரிசையாகக் குத்தவைத்துச் சின்ன வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காற்று திரும்பும்போது அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஐயோ, இந்த வாசனையா, வேற எதாவது காடாக இருந்திருக்கக் கூடாதா, மக்காச்சோளம், புகையிலை, எதுவோ ஒன்று. அவர் தலையைத் திருப்பினார். வாசனைக்கு முதுகு காட்ட முடியவில்லை.

அன்றும் இப்படித்தான் வெயில். பைபாஸில் லாரிக்கடியில் போன ஒருத்தரின் வீட்டுக்குத் தகவல் சொல்லப் போயிருந்தார். தகவல் சொல்வதென்றால் ஸ்டேஷனில் எப்போதும் சென்னியப்பனைத்தான் அனுப்புவார்கள். "சென்னி போனா பதமாச் சொல்லிருவாப்ல." பதமாகச் சொல்வது என்றால் வேறொன்றுமில்லை, ஒரு பொய். கொஞ்சம் சீரியஸா இருக்காருங்க, ஜி.ஹெச்.சுக்கு வாங்க. ஆள் பிணவறையில் கிடக்கும்போது சொல்கிற பொய். வழியில் அழுதுகொண்டே வருகிறவர்களுக்கு வந்து சேரும்வரை ஒரு பிடிமானம் வேண்டுமே என்று அவராகக் கண்டுபிடித்தது, மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். செத்துப்போனவரின் மனைவி வெங்காயக் காட்டிலிருந்து எழுந்து வந்தாள். கையெல்லாம் மண், முகத்தில் சிரிப்பு. போலீஸைப் பார்த்துப் பயப்படவில்லை. "ஐயோ, வேகாத வெயில்ல நின்னுட்டிருக்கீங்களே, சித்த இருங்க," என்று தூக்குப்போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக் குடித்தார். முழுக்கக் குடித்தார். அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுங்களா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து சொன்னார், உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் சீரியஸா இருக்காருங்க. அவள் போசியை மண்ணில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "உசுரு இருக்குதுங்களா, நெசத்தச் சொல்லுங்க." இருக்குதுங்க என்றார். மோரில் கொத்தமல்லித் தழை போட்டிருந்தாள். ஒரு தழை பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. ஜீப்பில் அவள் பின்னால் உட்கார்ந்து சாமி பெயர்களாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் முன்னால் உட்கார்ந்து நாக்கால் அந்தத் தழையை எடுக்கப் பார்த்துக்கொண்டே வந்தார். அவ்வளவுதான் நடந்தது. அதைவிட மோசமானதை எத்தனையோ பார்த்திருக்கிறார், கையால் அள்ளியிருக்கிறார். ஆனால் கண்ணை மூடினால் வருவது ரத்தம் அல்ல, அந்த மோர்தான். அதற்குப் பிறகு வீட்டில் மனைவி கருணா மோர் ஊற்றினால் வேண்டாம் என்று கை கழுவிவிடுவார். அவள் ஏன் என்று கேட்டுப் பார்த்து, பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கருணா என்னங்க ஆச்சு, ஏங்க இப்படி இருக்கறீங்க என்று கேட்கும்போதும் அவர் வாயிலிருந்து அதே பதமான குரல்தான் வருகிறது. ஒண்ணுமில்ல கண்ணு, கொஞ்சம் அலுப்பு.

முட்டிவலி என்று சொல்லலாம். முட்டிவலிக்கு உட்கார்ந்த வேலைதானே நல்லது என்பார்கள். மாமனாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லலாம். அந்த மனுஷன் போன வாரம்தான் டி.வி.எஸ். வண்டியில் ஒரு மூட்டை தேங்காயை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்து எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டுப் போனார், ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எந்தப் பொய்யை எடுத்தாலும் அது நாற்காலியைத்தான் வேண்டாம் என்கிறது, துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்லக்கூடிய பொய் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. பொய்க்குப் பேர்போன சென்னியப்பனுக்கே கிடைக்கவில்லை. போன மாதம் ஒரு மத்தியானம், வர வேண்டிய ஆள் வராததால் அந்த கார்டில் மாற்றாக உட்கார்ந்திருந்தார். அமைதியான மத்தியானம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, சுவரில் ஒரு பல்லி. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. கோபத்தோடு வரவில்லை, அழுகையோடும் வரவில்லை. கூட வேலை பார்க்கிற ஒருத்தன் தோளைத் தொட்டு டீ சாப்பிடப் போலாமா என்று கேட்கிற மாதிரி, சாதாரணமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இதோட போதுமே, என்றது. சென்னியப்பன் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். ஆள் மாறும்வரை உள்ளே போகவில்லை. கருவூலத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, என்ன சார், உள்ளே புழுக்கமா என்று கேட்டாள். ஆமாங்க என்றார். அன்று இரவு தூங்கவில்லை என்று சொல்ல முடியாது, அதற்கு முன்னாலும்தான் தூங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒன்று மட்டும் மாறியது. முன்பெல்லாம் ரோட்டில், கிணற்றில், மற்றவர்களிடம் இருப்பதைப் பார்த்துத்தான் பயம். இப்போது தன்னைப் பார்த்தே பயம். நாளை முதல் ஒரு வாரம். பல்லி, ஃபேன், ஒரு வாரம்.

அருள்மணிக்கும் இப்படித்தான் வந்திருக்குமா. சாதாரணமாக, தோளைத் தொட்டு. அருள்மணி அவரோடு ட்ரெய்னிங்கில் ஒன்றாக ஓடியவன், ஒரே ஸ்டேஷனில் இரண்டு தடவை வேலை பார்த்தவன். சிரித்துப் பேசுகிறவன். டி.எஸ்.பி. நடந்து வருவதை அச்சு அசலாக நடந்து காட்டுவான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கோயில் திருவிழா, கட்சி மாநாடு, மறுபடி திருவிழா என்று தொடர்ந்து டூட்டி இருந்த சமயம் அது. லீவு கேட்டான், திருவிழா முடியட்டும் என்றார்கள். முடிந்தது. மறுநாள் காலை அருள்மணியின் குவார்ட்டர்ஸ் கதவை உடைத்து உள்ளே போனவர்களில் சென்னியப்பனும் ஒருத்தர். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் வரிசையாக ஞாபகம் இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. விசாரணைக்கு யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சென்னி போனா பதமாக் கேட்டுருவாப்ல. போனார். அருள்மணியின் மனைவி பூங்கோதை கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி என்றுதான் அவளைக் கூப்பிடுவார், அவர்கள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர். கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டார். கடைசியில் வழக்கமாகக் கேட்கிற அந்தக் கேள்வியையும் கேட்டார். "யார் மேலயாவது சந்தேகம் இருக்குதாம்மா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மேலதாண்ணா. தினமும் கூடவே இருந்தீங்கல்ல." திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து, குடும்பப் பிரச்சனை என்று எல்லோரும் சொன்னதை அவரும் சொன்னார். என்ன பிரச்சனை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மனநல வகுப்பு ஒன்று நடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் சப்டிவிஷன் போலீஸ் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். பின் வரிசையில் பாதிப் பேர் உட்கார்ந்தவுடனேயே தூங்கிப்போனார்கள், முந்தின ராத்திரி ரோந்து பார்த்தவர்கள். வந்திருந்த டாக்டர் நல்ல மனுஷன், மெதுவாகப் பேசினார். மனசுக்கும் காய்ச்சல் வருமுங்க, வந்தா சொல்லணுமுங்க என்றார். உங்கள்ல யாருக்குத் தூக்கம் வர்றதில்ல, கை தூக்குங்க என்றார். முதல் வரிசையில் டி.எஸ்.பி. உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் ஒரு கை மட்டும் உயர்ந்தது, அந்த ஆளும் பாத்ரூம் எங்கே என்றுதான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். கை மடியில் கிடந்தது, கல்லைக் கட்டிவைத்த மாதிரி கனத்தது. போகும்போது டாக்டர் ஒரு போன் நம்பரைச் சொன்னார், எப்ப வேணா கூப்பிடலாமுங்க. அதை போனில் போட்டுக்கொண்டார், போர்வெல் மணி என்ற பெயரில். யாராவது பார்த்துவிட்டால். என்ன பார்ப்பார்கள், பார்த்து என்ன சொல்வார்கள். மெண்டலாயிட்டாப்ல என்பார்கள். இனி ஒரு வேலைக்கும் நம்பி அனுப்பமாட்டார்கள். கருணாவின் காதுக்குப் போகும், மகள் தர்ஷினியின் ஸ்கூலுக்குப் போகும், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. போர்வெல் மணியை ஒருநாள் கூப்பிட்டார். ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டார்.

"ஏனுங் சார், சித்த அக்கட்ட போயிக்கலாமுங்களா?" சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. திரும்பினார். வயசான ஒருத்தர், மொபெட்டின் பின்னால் புல்லுக்கட்டு, ரோட்டின் நடுக்கோட்டுக்கே வந்துவிட்டிருந்தார். எங்கிருந்து வந்தார், எப்போது வந்தார், ஒன்றும் தெரியவில்லை. தன் கண்ணெதிரே இருந்த காட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், பார்த்துக்கொண்டிருந்தும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மைக் கரகரத்தது, கான்வாய் கிளம்பிவிட்டது, ரோட்டைக் க்ளியர் பண்ணுங்க. சென்னியப்பனுக்குள் எதுவோ அறுந்தது. "எங்கடா வர்ற? உனக்கு அறிவில்ல? சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலயா?" என்று கத்தினார். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம். லத்தி தலைக்கு மேலே போயிருந்தது. கிழவர் வண்டியை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தார். வண்டி சாய்ந்தது, புல்லுக்கட்டு அவிழ்ந்து தாரில் சிதறியது. லத்தி இறங்கவில்லை. மேலேயே நின்றது. சுருக்கம் விழுந்த அந்தக் கைகளையும், விரல்களுக்கு நடுவே தெரிந்த வெள்ளை முடியையும் பார்த்துக்கொண்டு சென்னியப்பன் நின்றார். நான் யாரையும் அடித்ததில்லை. லாக்கப்பில் கூட அடித்ததில்லை. இந்த ஸ்டேஷனில் கை நீட்டாத ஏட்டு யார் என்று கேட்டால் என் பேரைத்தான் சொல்வார்கள்.

ரோட்டின் மறுபக்கம் நின்றிருந்த சுகந்தி ஓடிவந்தாள். வேலையில் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆகாத கான்ஸ்டபிள், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து இந்த பாயிண்டைக் கொடுத்திருந்தார்கள். அவள் கிழவரைத் தூக்கி நிறுத்தி, புல்லை வாரிக் கட்டி, வண்டியை அந்தப்பக்கம் உருட்டிவிட்டாள். "போங்கய்யா, போங்க, ஒண்ணுமில்ல." கிழவர் போகும்போது திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தார். பயந்துபோய்ப் பார்த்த மாதிரி தெரியவில்லை, வெசனத்தோடு பார்த்த மாதிரி இருந்தது. சுகந்தி பக்கத்தில் வந்து நின்றாள். "ஏட்டய்யா, உங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வெயிலு. கொஞ்சம் அலுப்பு."

அவள் நம்பாத கண்களோடு அவர் கையைப் பார்த்தாள். லத்தியை இன்னும் இறுகப் பிடித்திருந்தார். அவள் தன் இடத்துக்குப் போனாள். போய் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு பேசுவது காற்றில் வந்தது. "அம்மா, கள்ளிவலசு பாயிண்ட்டுக்கு வண்டிய எடுத்துட்டு ஒருநடை வாங்கம்மா. ஏட்டய்யாவுக்கு மயக்கமா இருக்குதுங்க." மயக்கம். இந்தப் பிள்ளை ஒரு பொய் சொல்லிவிட்டாள், எனக்காக. நல்ல பொய். பிடித்துக்கொள்ளலாம். எஸ்.ஐ. யமுனா வருவார், குளுக்கோஸ் தண்ணி கொடுப்பார், நிழலில் உட்காரச் சொல்வார், நாளைக்கு கார்டு டூட்டிதானே, நல்லா ரெஸ்ட் எடுங்க என்பார். எல்லோரும் நல்லவர்கள். ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக, அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். யார் மேலும் தப்பில்லை. அருள்மணியையும் யாரும் ஒன்றும் செய்யவில்லை. பிறகு யாரோ ஒருத்தரைக் கருணாவிடம் கேட்க அனுப்புவார்கள், யார் மேலயாவது சந்தேகம் இருக்குதாம்மா. யாரை அனுப்புவார்கள். பதமாகக் கேட்க சென்னி இருக்கமாட்டானே. இந்த நினைப்பு வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பின் பாதியிலேயே கண்ணில் நீர் முட்டியது. கருணா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். தர்ஷினி எங்கே உட்கார்ந்திருப்பாள். அவளை எந்த இடத்தில் உட்கார வைத்துப் பார்த்தாலும் மனசு ஒப்பவில்லை. கூடத்தில் வேண்டாம், படியில் வேண்டாம், பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்க, வேண்டாம், எங்கேயும் வேண்டாம்.

சைரன் கேட்டது. உடம்பு தானாக விறைத்தது. சாலைக்கு முதுகு, காட்டுக்கு முகம். பின்னால் காற்று அறைந்தது, ஒன்று, இன்னொன்று, வரிசையாகப் பல, சட்டை முதுகில் படபடத்தது, புழுதி காதுக்குள் புகுந்தது. பிறகு ஒன்றுமில்லை. இத்தனை நேரம் நின்றது இதற்குத்தான். வெங்காயக் காட்டில் பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

எஸ்.ஐ. யமுனாவின் ஜீப் அந்தப் புழுதி அடங்கும் முன்பே வந்துவிட்டது. சென்னியப்பனைவிடப் பல வருஷம் சின்னவர், நேரடியாக எஸ்.ஐ.யாகத் தேர்வாகி வந்தவர், கறாரான ஆள் என்று பேர். கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு இறங்கி வந்தார். "என்ன ஏட்டய்யா, மயக்கமாங்க? காலைல சாப்பிட்டீங்களா? ஏறி உக்காருங்க, திரும்பி வர்ற கான்வாய்க்கு இன்னும் நேரமிருக்கு. நாளைக்குத்தான் உங்களுக்கு கார்டு போட்டாச்சே, ஒரு வாரம் நிம்மதியா இருங்க."

"கார்டு வேண்டாங்கம்மா."

"ஏங்க? அவனவன் கேட்டு வாங்கறான்."

"முட்டி…" என்று ஆரம்பித்தார். வார்த்தை அங்கேயே நின்றது. ஜீப்பின் கண்ணாடியில் யாரோ ஒருத்தரின் முகம் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கருத்து, உதடு வெடித்து. இந்த ஆளுக்கு யாராவது போய் நெசத்தைச் சொன்னால் தேவலை. "எங்கையில துப்பாக்கி குடுக்காதீங்கம்மா," என்றார். குரல் பதமாக இல்லை. உடைந்து, பிசிறாக, தகரத்தைக் கீறுகிற மாதிரி இருந்தது.

பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்த யமுனாவின் கை நின்றது. முகம் வெளுத்து, சட்டென்று ஒரு சின்னப் பெண் மாதிரி ஆகிவிட்டார். ஐயோ, சொல்லியிருக்கக் கூடாது, இந்தப் பிள்ளையைப் பயமுறுத்திவிட்டேன் என்று சென்னியப்பன் நினைத்தார். யமுனா டிரைவரிடம், "அண்ணா, நீங்க போயி சுகந்தியோட நில்லுங்க," என்றார். பிறகு ஜீப்பின் பின்கதவைத் திறந்து, அவரை உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார்.

"ஏட்டய்யா, நேராவே கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. செத்துப்போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா?"

இத்தனை நாளில் ஒருத்தரும் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டதில்லை. அவரே தன்னிடம் இந்த வார்த்தையில் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று நினைத்திருந்தார். வெடிக்கவில்லை. "வருதுங்கம்மா," என்றார். "எப்பவும் இல்ல. வந்து வந்து போகுது. சும்மா உக்காந்திருந்தா வருது."

"இப்ப?"

"இப்ப… இப்ப ரொம்ப அலுப்பா இருக்குதுங்க."

யமுனா தலையாட்டினார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை, எல்லாம் சரியாப் போயிரும் என்று கூடச் சொல்லவில்லை. போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். மறுபக்கம் சத்தம் பெரிதாக இருந்தது, சென்னியப்பனுக்கும் கேட்டது. கான்வாய் திரும்பி அதே ரூட்ல வருது, பாயிண்ட்ட விட்டு ஆளக் கூட்டிட்டுப் போனா யாரு பதில் சொல்றது. யமுனா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சார், நம்ம அருள்மணிக்கு ஆன மாதிரி ஆகக் கூடாதுன்னுதான் கூட்டிட்டுப் போறேன். அவரு நின்ன எடம் காலியாவே இருக்கட்டும்," என்றார். பிறகு வேறொரு குரலில், தாழ்ந்த குரலில், இன்ஸ்பெக்டர் பேசினார். "நான்தாம்மா அந்தக் கார்டப் போட்டேன். நல்லது பண்றதா நெனச்சு… ஆளத் தனியா விட்றாதம்மா. அவரு சம்சாரத்துக்கு நான் சொல்றேன்."

"வேண்டாங்க," என்று சென்னியப்பன் குறுக்கே சொன்னார். "கருணாவுக்கு நானே சொல்லிக்கறேன்."

சொன்னார். ஜீப் ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் போட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெங்காயக் காட்டிலிருந்து ஆரம்பித்தார். ஒரு பொம்பளை மோர் கொடுத்தாள், நான் குடிச்சேன் என்றார். கார்டு டூட்டி வரைக்கும் வந்து, வேப்பமரம் வரைக்கும் வந்து, அவர் நிறுத்தியதும், "எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று மட்டும் கருணா கேட்டாள்.

ஜி.ஹெச்.சில் அன்றைக்கு மனநல டாக்டர் வருகிற நாள் இல்லை. இருந்த டாக்டரம்மா முதலில் பிரஷர் பார்த்து, மாத்திரை எழுதப் போனார். யமுனா குனிந்து காதோடு ஏதோ சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுப் பேசினார். சாயங்காலம் அங்கே கூட்டிப்போக வேண்டும், அதுவரை தனியாக விடக்கூடாது என்றார். பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. மெடிக்கல் லீவு எளிதில் கிடைக்கவில்லை. கழன்றுபோச்சு என்று தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டியவர்களும் இருந்தார்கள். மாத்திரை முதலில் தூக்கத்தைத் தராமல் வாயை மட்டும் வறள வைத்தது. லீவில் இருந்தபோது பூங்கோதையைப் போய்ப் பார்க்க இரண்டு தடவை கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். ஒருநாள் ராத்திரி ரோந்து முடித்த ஒரு கான்ஸ்டபிள், யாருமில்லாத நேரம் பார்த்து அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, ஏட்டய்யா அந்த டாக்டர் நம்பர் இருக்குதுங்களா என்று கேட்டான். போனில் போர்வெல் மணியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. அன்றைக்கு ஜி.ஹெச். வராந்தாவில், மஞ்சள் கறை படிந்த பெஞ்சில், சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். யமுனா டாக்டரம்மாவோடு உள்ளே இருந்தார். கருணா ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டுச் சேலையை மாற்றக்கூட இல்லை, முந்தானையில் மாவு ஒட்டியிருந்தது. அழுதுகொண்டு வருவாள் என்று பயந்திருந்தார். அழவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் தொப்பியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பில் படிந்திருந்த புழுதியை விரலால் துடைத்தாள். எதிரே ஒரு குழந்தைக்கு ஊசி போட்டார்கள், அது வீறிட்டு அழுது ஓய்ந்தது. பினாயில் வாசனை. என்னென்னவோ ஞாபகம் வந்து வாசலில் நின்றது, உள்ளே வராமல் நின்றது, அவருக்கும் அதைத் துரத்தத் தெம்பில்லை. அப்போது வெளியே, ஆஸ்பத்திரிக் காம்பவுண்டைத் தாண்டி, சைரன் கேட்டது. மந்திரி திரும்பிப் போகிறார். அவரை அறியாமல் உடம்பு எழுந்தது, கால்கள் சேர்ந்தன, தோள் விறைத்தது. கருணா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கில்லீங்க," என்றாள். "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.